வேறு வைப்பது வேறு, ரங்கூனில் கடை போடுவது வேறு

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பலகாரக் கடைகளுக்கு ஆர்டர், பில், கூரியர் எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருக்கிறார்கள். 7 பேர் டீம், சுமார் 40 கடைகள், ஒரே ஜாவா அப்ளிகேஷன், ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். முதலாளி சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, "எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸாக உடைத்துவிடுங்கள், தீபாவளிக்குள்" என்கிறாராம். ஒரே அப்ளிகேஷனை, தனித்தனியாக ஓடி நெட்வொர்க் வழியே பேசிக்கொள்கிற பல சர்வீஸ்களாகப் பிரிப்பதுதான் மைக்ரோசர்வீஸ். எத்தனையாக உடைப்பது, உடைத்ததை ப்ரொடக்ஷனில், அதாவது நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும்போது, விழாமல் ஓட்டுவது எப்படி என்பது கேள்வி.

நேரடி பதில் முதலில்: இரண்டு சர்வீஸ். ரொம்பப் போனால் மூன்று. தீபாவளிக்குள் ஒன்றும் வேண்டாம், தொடங்குவதென்றால் பொங்கல் கழித்து. இதை அப்படியே போய்ச் சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், அதனால் காரணங்களையும் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பாதியைத் தாண்டிவிட்டுப் படித்தாலும் பரவாயில்லை, தீபாவளி ராத்திரி கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பையனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் தனிக்குடித்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஒரே முகப்பு, ஒரே வளவு (உள்முற்றம்), ஒரே கிணறு, சாமி கும்பிடுகிற இடமும் ஒன்றுதான். அடுப்பு மட்டும் வேறு, வரவு செலவு வேறு. அண்ணன் வீட்டுப் பருப்பு டப்பாவில் தம்பி பெண்டாட்டி தானாகக் கை வைக்கமாட்டாள், வேண்டுமென்றால் கேட்டு வாங்குவாள். உங்கள் அப்ளிகேஷனுக்கு இப்போது வேண்டியது இதுதான். ஒரே ப்ராசஸ், ஒரே டெப்ளாய் (புதுப் பதிப்பை ஏற்றுவது). உள்ளே ஆர்டர் ஒரு மாட்யூல், பில் ஒரு மாட்யூல், கூரியர் ஒரு மாட்யூல். ஒன்றின் டேபிளை இன்னொன்று நேராகத் தொடாது, அதனிடம் ஃபங்ஷன் வழியாகக் கேட்கும். மாடுலர் மோனோலித் என்று இதற்குப் பேர். மாநாட்டு மேடையில் கைதட்டல் வாங்காது, ஆனால் 7 பேருக்கு அளவாகப் பொருந்தும்.

ரங்கூனில் கடை போடுவது வேறு சமாச்சாரம். எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகுகிற பையனாக, பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். அடுத்தாளாகி (ஏஜண்டுக்கு அடுத்த நிலை ஆள்) அப்புறம் ஏஜண்டாகவும் இருந்தார். அங்கே கடைக்கென்று தனிப் பேரேடு. யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை ஏஜண்டே முடிவெடுக்க வேண்டும், ஊரில் இருக்கிற முதலாளியை ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கடிதம் போய்ப் பதில் வர நாள்கணக்கில் ஆகும். தலைபோகிற அவசரம் என்றால் தந்தி அடிக்கலாம், அதற்குக் காசு ஜாஸ்தி. இத்தனைக்கும் தாங்கினால்தான் கடை. நம்பி அனுப்ப ஓர் ஆள் இல்லையென்றால் யாரும் புதுக் கடை போடமாட்டார்கள்.

மைக்ரோசர்வீஸ் என்றால் சின்னச் சின்ன புரோகிராம் கோடு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தனிப் பேரேடு, முடிவெடுக்க ஓர் ஆள், நடுவில் ஒரு கடல், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. 2014-ல் சாஃப்ட்வேர் வல்லுநர்கள் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பேர் ஊரெல்லாம் பரவியது. அதே ஃபௌலர் 2015-ல், முதலில் மோனோலித்தாகவே, அதாவது ஒரே அப்ளிகேஷனாகவே கட்டுங்கள், தேவைப்பட்டால் பிறகு பிரியுங்கள் என்றும் எழுதினார். முதலாளிகள் ஏனோ முதல் கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, பேரேட்டிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் ஆரம்பத்திலேயே தப்பாகப் போவது இங்கேதான். புரோகிராம் கோடை 8 ரெப்போவாக, அதாவது 8 தனிக் கிடங்காகப் பிரித்துவிட்டு, டேட்டாபேஸ் மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒன்றாகவே விட்டுவிடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் இருந்தது. 6 பேர், 11 சர்வீஸ், ஒரே டேட்டாபேஸ். பில்லிங் பையன் வாடிக்கையாளர் டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினான், அவன் டெஸ்ட் எல்லாம் பச்சை. அரைமணி கழித்து கூரியர் சர்வீஸ் படுத்தது, அதற்கும் அப்புறம் ரிப்போர்ட் சர்வீஸ். யார் யார் அந்த ஃபீல்டைப் படிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மோனோலித்தாக இருந்திருந்தால் கம்பைலிலோ டெஸ்டிலோ மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கஷ்டமெல்லாம் கடல் தாண்டிய கடையுடையது, சுதந்திரம் மட்டும் இல்லை. ஒரு டேபிளில் எழுதுகிற அதிகாரம் ஒரே ஒரு சர்வீஸுக்குத்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் அதனிடம் கேட்கலாம், அல்லது அது அனுப்புகிற செய்தியை வைத்துத் தங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம். இதற்கு உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

இன்னொரு பாவமும் உண்டு. ஆர்டருக்கும் சரக்கு இருப்புக்கும் நடுவில் வெட்டிவிடுவது. ஆர்டர் ஏறும்போதெல்லாம் இருப்புக் குறைய வேண்டும், இரண்டும் ஒரே டிரான்சாக்ஷனில் (நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது) நடந்தால் டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும். அதைப் பிடுங்கி இரண்டு பேரேடாக்கினால், இதுவரை இலவசமாகக் கிடைத்ததை இனி நீங்கள் கையால் கட்ட வேண்டும். எப்போதும் சேர்ந்தே மாறுகிற இரண்டை ஒரே கூரையின் கீழ் விடுங்கள்.

இப்போது தீபாவளி ராத்திரி.

மேலே சொன்ன அதே இடம்தான். பலகார ஆர்டர் எடுக்கிற ஒரு சிஸ்டம். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கிறது, ராத்திரி 9 மணி 40 நிமிஷம், ஆர்டர் போடுகிற பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் முதலில் பார்த்தது சிபியு. 4%. மெமரி சும்மா கிடக்கிறது. டேட்டாபேஸ் சர்வரும் தூங்குகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. 11 சர்வீஸின் லாகை (நடந்ததைக் குறித்து வைக்கிற பதிவை) 11 பிரவுசர் டேப்களில் திறந்து வைத்துக்கொண்டு, நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாகப் பொருத்திப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் தெரிந்தது இதுதான். ஆர்டரைச் சேமிக்கிற டிரான்சாக்ஷனுக்கு உள்ளேயே நோட்டிஃபிகேஷன் சர்வீஸைக் கூப்பிட்டு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லியிருந்தோம். அது வெளிக் கம்பெனி ஒன்றின் எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடும். அந்த கேட்வே விழவில்லை. விழுந்திருந்தால் உடனே பிழை வந்திருக்கும், பிழைத்திருப்போம். மெதுவாகிவிட்டது. 30 நொடி எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. ஆர்டர் சர்வீஸில் டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் 10, அதாவது ஒரே நேரத்தில் 10 இணைப்புத்தான், நாங்கள் பயன்படுத்திய லைப்ரரியின் டிஃபால்ட்டே அதுதான், யாரும் மாற்றியதில்லை. ஒவ்வோர் ஆர்டரும் ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு 30 நொடி எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 நொடிக்கு 1 ஆர்டர், அதற்கு மேல் ஒரு மனுஷன் உள்ளே வர முடியாது. மெனு பார்க்க வந்தவனுக்கும் அதே பூல்தான், அவனும் வாசலில் நின்றான்.

அப்புறம் நாங்கள் செய்த கோமாளித்தனம், எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தது. ஒவ்வொரு சர்வீஸும் கீழே இருப்பதைக் கூப்பிட்டுத் தோற்றால் மொத்தம் 3 தடவை முயலும் என்று ஆளுக்கு ஆள் எழுதி வைத்திருந்தோம். மொபைல் ஆப்பிலிருந்து கேட்வே வரை அப்படி 3 அடுக்கு. 3 தரம் 3 தரம் 3, ஒரு விரல் தட்டலுக்கு 27 அழைப்பு. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கேட்வேயின் தலையில் இதையும் இறக்கினோம்.

பத்தரை இருக்கும், பலகாரக் கடை ஆச்சி ஒருவர் போன் செய்தார். "ஏன் தம்பி, ஒரே ஆள் பேருக்கு மூணு சீட்டு வந்திருக்கே, மூணு கிலோவும் அதிரசம் சுடவா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரே தொடர்ந்து, "நான் நோட்டுல போன் நம்பரையும் உருப்படியையும் பார்த்து ரெண்டை அடிச்சுட்டேன், நீங்க காசு மூணு தரம் எடுத்திருந்தா திருப்பிக் குடுத்துருங்க" என்றார். எங்கள் 11 சர்வீஸில் ஒன்றுக்கும் தெரியாத வேலையை அந்த நோட்டு செய்துகொண்டிருந்தது.

அந்த ராத்திரியில் இருக்கிற பாடத்தைப் பிரித்துப் பார்த்தால் பாதி மைக்ரோசர்வீஸ் அதில் அடங்கிவிடும். முதலாவது, எதற்குத் தந்தி, எதற்குக் கடிதம் என்று பிரிக்கவில்லை. ஆர்டர் ஏறுவதற்கு எஸ்எம்எஸ் போயாக வேண்டியதில்லை. அது கடிதத்தில் போகட்டும். பதில் இல்லாமல் அடுத்த அடி வைக்கவே முடியாது என்கிற இடத்தில் மட்டும் தந்தி, அதாவது நேரடி அழைப்பு. இதில் கணக்கும் இருக்கிறது. ஒரு சர்வீஸ் 99.9% நேரம் ஒழுங்காக இருக்கிறது என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிஷம் படுக்கும். அப்படிப்பட்ட 10 சர்வீஸை ஒன்றின் பின் ஒன்றாக நேரடியாகக் கூப்பிட்டால் மொத்தத்தில் 99% தான் மிஞ்சும், மாதத்துக்கு 7 மணி நேரத்துக்கு மேல். மெதுவாவதும் அப்படியே. ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவைதான் இழுக்கும் என்றாலும், ஒரு பக்கம் காட்ட 10-ஐக் கூப்பிட்டால் நூற்றில் கிட்டத்தட்ட 10 பேருக்கு அந்தப் பக்கம் இழுக்கும். 2013-ல் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் கூகுளிலிருந்து எழுதியபோது 100 சர்வருக்கு இதே கணக்கைப் போட்டார்கள், 63% வந்தது.

இரண்டாவது, டைம்அவுட், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்கிற வரம்பு. நெட்வொர்க்கைத் தாண்டுகிற எந்த அழைப்புக்கும் டைம்அவுட் இல்லாமல் இருக்கக்கூடாது, பல லைப்ரரிகளில் டிஃபால்ட் என்னவென்று பார்த்தால் மயக்கமே வரும், சிலவற்றில் முடிவே இல்லாமல் காத்திருக்கும். மேலே இருப்பவர் 2 நொடியில் கைவிடுகிறார் என்றால் கீழே இருப்பவர் அதைவிடக் குறைவாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டவர் போன பிறகும் கீழே ஆள் இல்லாத கடைக்கு டீ ஆற்றிக்கொண்டிருப்பார்கள். ரீட்ரை (மறுமுயற்சி) ஓர் அடுக்கில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதோடு கொஞ்சம் ராண்டமாக நேரத்தைக் கலைத்துவிட்டு. கலைக்காவிட்டால் எல்லோரும் ஒரே நொடியில் திரும்ப வந்து மோதுவார்கள். சர்க்யூட் பிரேக்கர் என்று ஒன்றும் உண்டு, வீட்டு எம்சிபி மாதிரிதான். தொடர்ந்து தோற்றால் ட்ரிப் ஆகி, கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பக்கமே போகாமல் உடனே "இல்லை" என்று சொல்லிவிடும், அப்புறம் ஒரே ஓர் அழைப்பை விட்டுப் பார்க்கும். நல்லதுதான், ஆனால் டைம்அவுட்டை ஒழுங்குபடுத்தாமல் இதை மட்டும் போட்டு ஒன்றும் ஆகாது.

மூன்றாவதுதான் ஆச்சியின் நோட்டு. ஒரே கோரிக்கை இரண்டு தரம் வந்தாலும் ஒரு தரம்தான் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐடெம்பொட்டன்ஸி என்று வாயில் நுழையாத பேர் வைத்திருக்கிறார்கள். ஒரே உண்டியலுக்கு (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) இரண்டு தரம் பணம் போய்விடக்கூடாது என்று ஏட்டில் குறித்து வைக்கிற காரியம்தான். ஆப்பில் 'ஆர்டர் போடு' பட்டனை அழுத்தும்போதே ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்புங்கள், சர்வரில் அந்த எண்ணுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே எண் இரண்டு தரம் ஏறாமல் தடுக்கிற விதி) போடுங்கள், மறுபடி அதே எண் வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுங்கள். எண்ணை சர்வரில் உருவாக்கினால் பிரயோஜனமில்லை, ஒவ்வொரு ரீட்ரைக்கும் புது எண் பிறந்துவிடும். இந்த ஒரு தப்பை நான் மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். பேமென்ட்டுக்கு இது இல்லாமல் லைவுக்குப் போகவே போகாதீர்கள்.

கடிதம் என்று சொன்னேனே, அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆர்டரை டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் க்யூவுக்கு (செய்திகள் வரிசையில் காத்திருக்கிற இடம்) செய்தி அனுப்புவீர்கள். இரண்டு வரிக்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால்? ஆர்டர் இருக்கும், செய்தி போயிருக்காது. வரிசையை மாற்றினால் செய்தி போயிருக்கும், ஆர்டர் இருக்காது. இதற்குச் செய்ய வேண்டியது, ஆர்டரை எழுதுகிற அதே டிரான்சாக்ஷனில் இன்னொரு டேபிளிலும் "இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுவது. தனியாக ஒரு வொர்க்கர் (பின்னணியில் ஓடுகிற புரோகிராம்) அந்த டேபிளைப் பார்த்து அனுப்பிவிட்டு, அனுப்பியதாகக் குறிக்கும். அவுட்பாக்ஸ் என்பார்கள். குறிப்பதற்குள் வொர்க்கர் செத்தால் ஒரே கடிதம் இரண்டு தரம் போகும், அதனால்தான் வாங்குகிறவரிடமும் ஆச்சியின் நோட்டு இருக்க வேண்டும். உங்கள் அளவுக்குக் காஃப்கா மாதிரிப் பெரிய க்யூ சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து 'ஸ்கிப் லாக்ட்' இருக்கிறது, ஒரு வொர்க்கர் பிடித்த வரியை விட்டுவிட்டு இன்னொரு வொர்க்கர் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளும். ஒரு டேபிளே க்யூ. 40 கடைக்கு அது அசராது.

பாதியில் தோற்றால் என்ன செய்வது என்பதற்கு சாகா என்று ஒரு முறை சொல்வார்கள், 1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதியது, மைக்ரோசர்வீஸ் என்ற பேச்சே இல்லாத காலம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மாற்று அடியை எழுதி வைத்துக்கொள்வது. காசு எடுத்தாயிற்று, கூரியர் அந்தப் பின்கோடுக்குப் போகாது என்கிறான் என்றால், எடுத்த பதிவை அழிக்கக்கூடாது, திருப்பிக் கொடுத்ததாக இன்னொரு பதிவு போட வேண்டும். பேரேட்டில் அடித்துத் திருத்தக்கூடாது என்று ஐயா சொல்வார், தப்பென்றால் எதிர்ப்பதிவு போடு என்பார். அதேதான்.

இதெல்லாம் செய்தாலும் இரண்டு பேரேடும் ஒரு நாள் ஒத்துப்போகாமல் போகும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கம் ஐந்தொகை எடுப்பது (மொத்தக் கணக்கையும் நேர் பார்ப்பது) என்றால் சின்ன வயதில் எங்களுக்குப் பயம், அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. அதை ப்ரொடக்ஷனில் தினம் ராத்திரி 2 மணிக்கு ஒரு ஜாப் செய்ய வேண்டும். பேமென்ட் கேட்வே கொடுக்கிற அன்றைய பட்டியலை எடுத்து உங்கள் ஆர்டர்களோடு வரி வரியாக ஒப்பிட்டு, காசு வந்து ஆர்டர் இல்லாதவை, ஆர்டர் இருந்து காசு வராதவை, தொகை மாறியவை என்று மூன்று பட்டியலைக் காலையில் 7 மணிக்கு ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். டிரேசிங், மெஷ் என்று கண்காணிப்பு, நெட்வொர்க் கருவிகளுக்கு லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிற இடங்களில்கூட இந்த 200 வரி ஸ்கிரிப்ட் இருப்பதில்லை, ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. நாங்கள் அந்தத் தீபாவளிக்குப் பிறகு எழுதினோம், முதல் வாரத்திலேயே நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு ரவுண்டிங் பிழையைப் பிடித்துக்கொடுத்தது, பில்லில் 1 ரூபாய் ஒரு மாதிரியும் கேட்வேயில் இன்னொரு மாதிரியும்.

ஓட்டுவதற்கு வருவோம். முதல் சர்வீஸைப் பிரிப்பதற்கு முன்னாலேயே டிரேஸ் ஐடி வேண்டும், பிரித்த பிறகு அல்ல. வாசலில் நுழையும்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், அது போகிற இடமெல்லாம் கூடவே போக வேண்டும், க்யூ வழியாகப் போனாலும். ஒவ்வொரு லாக் வரியிலும் அது அச்சாக வேண்டும். எங்களுக்கு அந்த ராத்திரி இது இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை 5 நிமிஷத்தில் முடிந்திருக்கும். கூகுள் 2010-ல் டாப்பர் என்ற தன் டிரேசிங் கருவி பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைக்கு இருக்கிற டிரேசிங் கருவிகள் பலவும் கிளைத்தன, 2019-லிருந்து ஓப்பன்டெலிமெட்ரி என்று பொதுவான ஒன்றும் இருக்கிறது, ஜாவாவுக்குக் கோடைத் தொடாமலே கூட ஓடுகிற துணைப் புரோகிராமாக மாட்டிக்கொள்ளலாம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

அலர்ட் குறைவாக இருக்கட்டும். சிபியு 80% என்று ராத்திரி எழுப்புகிற அலர்ட்டை அழித்துவிடுங்கள். எங்களுக்கு 4%-இல் எல்லாம் நின்றதே. எழுப்ப வேண்டியது, போன வாரம் இதே கிழமை இதே நேரத்தில் வந்த ஆர்டரில் பாதிகூட இப்போது வரவில்லை என்பது மாதிரி ஒன்று. க்யூவில் எத்தனை செய்தி இருக்கிறது என்பதைவிட, இருப்பதிலேயே பழைய செய்திக்கு எத்தனை நிமிஷம் வயது என்று பாருங்கள். ஆயிரம் செய்தி இருந்து வேகமாகக் கரைந்தால் பிரச்சினை இல்லை, மூன்றே செய்தி இருந்து 40 நிமிஷமாக நகரவில்லை என்றால் ஏதோ ஒன்று தொண்டையில் மாட்டியிருக்கிறது.

குபர்னெடீஸ் பற்றி முதலாளி கேட்பார், கன்டெய்னர் என்கிற பெட்டிகளில் பொதித்த அப்ளிகேஷன்களைப் பல மெஷின்களில் ஓட்டிப் பராமரிக்கிற சாஃப்ட்வேர் அது. 2 சர்வீஸுக்கு அது வேண்டாம், 2 மெஷினும், வருகிறவர்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்புகிற ஒரு லோட் பேலன்சரும் போதும். பிடிவாதம் பிடித்தால் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் லைவ்னெஸ் என்று ஒரு சோதனை, தோற்றால் கன்டெய்னரையே ரீஸ்டார்ட் செய்துவிடும். ரெடினெஸ் என்று இன்னொன்று, தோற்றால் டிராஃபிக்கை மட்டும் நிறுத்தும். லைவ்னெஸ் சோதனைக்குள் டேட்டாபேஸ் இணைப்பைச் சோதிக்கிறவர்கள் நிறையப் பேர். டேட்டாபேஸ் கொஞ்சம் திணறினால் எல்லா கன்டெய்னரும் ஒரே சமயத்தில் தற்கொலை செய்துகொள்ளும், எழுந்து வரும்போது எல்லாம் சேர்ந்து புது கனெக்ஷன் கேட்டு அதை மறுபடி அமுக்கும். அப்புறம், நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்ததும் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகிற மாதிரி எழுதுங்கள், டிஃபால்ட்டாக 30 நொடி கொடுக்கும், அதற்குள் முடிக்காவிட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

டெப்ளாயில் பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும் என்பதை மறக்காதீர்கள். அதனால் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுவது என்பது ஒரு டெப்ளாய் இல்லை, மூன்று. முதலில் புதியதைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், அடுத்ததாக எல்லோரையும் புதியதைப் படிக்கச் செய்யுங்கள், கடைசியில் பழையதை எடுங்கள். முதலில் ஒரு கடைக்கு மட்டும் விடுங்கள், திட்டினாலும் உரிமையோடு திட்டுகிற ஆச்சி ஒருவர் உங்களுக்கும் இருப்பார். எல்லா சர்வீஸையும் ஒரே நேரத்தில் சேர்த்து டெப்ளாய் செய்தால்தான் ஓடும் என்ற நிலை வந்துவிட்டால், நீங்கள் பிரிக்கவில்லை, மோனோலித்துக்கு நடுவில் ஒயரை இழுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆள் கணக்கு. 1968-ல் மெல்வின் கான்வே என்ற கம்ப்யூட்டர் நிபுணர் எழுதியது இன்றைக்கும் பொய்க்கவில்லை: ஒரு நிறுவனம் கட்டுகிற சிஸ்டம் அங்கே யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகத்தான் வரும். நீங்கள் 7 பேரும் ஒரே அறையில் ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்கிறவர்கள், உங்களிடமிருந்து 12 சர்வீஸ் இயல்பாகப் பிறக்காது, வலிந்து பிறந்தால் ஒவ்வொன்றையும் எல்லோரும் தொடுவார்கள், ஒன்றுக்கும் சொந்தக்காரன் இருக்கமாட்டான். அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006-லேயே ஒரு பேட்டியில், கட்டியவர்தான் ஓட்டவும் வேண்டும் என்றார். ராத்திரி போன் அடித்தால் எடுக்க ஒரு சர்வீஸுக்குக் குறைந்தது 2 பேராவது வேண்டும், ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருவர். நம் ஊரில் ஆவணி, தை மாதக் கல்யாணங்களை நினைத்தால் 3 பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7-ஐ 3-ஆல் வகுத்தால் 2 வருகிறது, என் பதில் அங்கிருந்து வந்ததுதான்.

பெரிய இடங்களே திரும்பி வந்திருக்கின்றன என்று முதலாளியிடம் சொல்லலாம். செக்மென்ட் என்ற நிறுவனம் 140-க்கும் மேலான சர்வீஸ்களை மறுபடி ஒன்றாக்கியதை 2018-ல் எழுதியது. அமேசான் பிரைம் வீடியோவில் வீடியோ தரத்தைக் கண்காணிக்கிற ஒரு கருவியை ஒரே ப்ராசஸுக்குள் கொண்டுவந்ததில் செலவு 90% குறைந்தது என்று 2023-ல் எழுதினார்கள். இதை வைத்து மைக்ரோசர்வீஸே தப்பு என்று வாதாட வேண்டாம், நெட்ஃபிளிக்ஸ் அதில்தான் ஓடுகிறது, ஆனால் 2008-ல் டேட்டாபேஸ் கெட்டு 3 நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போன பிறகு கிளவுடுக்கு நகர ஆரம்பித்து, முழுதாக முடிக்க 2016 ஜனவரி ஆனது. அவ்வளவு ஆள் பலத்தோடு ஏழு வருஷத்துக்கு மேல். நமக்குத் தீபாவளிக்குள்.

உங்களுக்கு நான் வெட்டச் சொல்வது முதலில் நோட்டிஃபிகேஷன். எஸ்எம்எஸ், வாட்ஸப் இரண்டும் வெளியாள் கையில் இருப்பவை, அடிக்கடி மூக்கால் அழும், தாமதமானாலும் யாரும் சாகமாட்டார்கள், கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் அதை ஓட்டிப் பாருங்கள், நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்றால் கூரியர் டிராக்கிங்கை வெளியே எடுங்கள், அதுவும் ஏழெட்டு கூரியர் கம்பெனிகளின் ஏபிஐயை (வெளி சாஃப்ட்வேர் கேள்வி கேட்கிற வாசல்) போய்த் தட்டிக்கொண்டிருக்கிற வேலை. ஆர்டர், பில், இருப்பு, பேமென்ட் நான்கும் வளவுக்குள்ளேயே இருக்கட்டும். பழையதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் புதியதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக டிராஃபிக்கை மாற்றுங்கள். ஆஸ்திரேலியாவில் தான் பார்த்த ஒரு மரத்தின் பேரை ஃபௌலர் 2004-ல் இதற்கு வைத்தார், இன்னொரு மரத்தைச் சுற்றி வளர்ந்து மெல்ல அதை மூடிவிடுகிற மரம். அதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை, நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் பனையைச் சுற்றி ஆல் ஏறி நிற்பதைப் பார்க்காதவர் உண்டா. ஆலுக்கு அவசரமே இல்லை, பனையும் ரொம்ப நாள் நுங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

தீபாவளிக்கு 3 வாரம் முன்பிலிருந்து அவசரப் பிழைத்திருத்தம் தவிர வேறு எந்த டெப்ளாயும் வேண்டாம். அதற்கு முன்னால், ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான நகல் சிஸ்டத்தில்) ஒரு சனிக்கிழமை மத்தியானம் எஸ்எம்எஸ் கேட்வேக்குப் பதிலாக 30 நொடி தூங்கிவிட்டுப் பதில் சொல்கிற ஒரு பொய் சர்வரை வைத்து, ஆர்டர் ஏறுகிறதா என்று பாருங்கள். நிறுத்திப் பார்ப்பது போதாது, தூங்க வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் டேட்டாபேஸில் இருக்கிற எல்லா டேபிளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தெந்த மாட்யூல் அதில் எழுதுகிறது, எது படிக்க மட்டும் செய்கிறது என்று குறித்து அனுப்புங்கள். இரண்டு பேர் எழுதுகிற டேபிளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். எத்தனை வட்டம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டிஃபிகேஷனைப் பொங்கலுக்குப் பிறகு எடுக்க முடியுமா, அடுத்த ஆடி வரை ஆகுமா என்று என்னால் சொல்ல முடியும்.